தையலக்கா சொன்ன எட்டுப் பேர்

தையலக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரிக்கே வயிறு எரிகிறது. எரியட்டும். பொய் எழுதப் போவதில்லை. இடையிடையே ‘அவள்’ என்று வரும். மரியாதைக் குறைவு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நேரில் நான் ‘வாங்க, போங்க’ தவிர வேறு சொன்னதில்லை.

நாங்கள் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள். என் வேலை மடிப்பு. இஸ்திரி உருளையிலிருந்து படுக்கை விரிப்பு சுடச்சுட வெளியே வரும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து நாலாக மடித்து அடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். அதனால் என் பெயரே ‘மடிப்பு’ என்று ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பேனா என்பது சந்தேகம்.

புதன்கிழமை தேநீர் இடைவேளையில் ஓய்வறை டிவியில் மல்யுத்தம் மறு ஒளிபரப்பாக ஓடும். ஒரே கம்பெனிக்கு இரண்டு நிகழ்ச்சி. ஒன்று திங்கள் ஷோ, மஞ்சள் கயிறு கட்டிய மேடை. இன்னொன்று வெள்ளி ஷோ, பச்சைக் கயிறு. இரண்டுக்கும் தனித்தனி வீரர்கள். வருடத்தில் ஒரு முறை கம்பெனி ஆட்களைக் கலைத்துப் போடும். மஞ்சளில் நாலு பேர் பச்சைக்குப் போவார்கள், பச்சையில் நாலு பேர் மஞ்சளுக்கு வருவார்கள். அந்த எட்டுப் பேர் யார் என்று முன்கூட்டியே சொல்வதுதான் எங்கள் விளையாட்டு. சண்டையெல்லாம் எழுதி வைத்து நடிப்பது என்று எங்களுக்கும் தெரியும். யார் அடி வாங்குவான் என்று சொல்வதில் என்ன பெருமை? எழுதுகிறவன் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று சொல்ல வேண்டும், அதில்தான் கெட்டிக்காரத்தனம்.

ஓய்வறை மூலையில் கெட்டுப்போன உலர்த்தும் மெஷின் ஒன்று நிற்கிறது. அதன் வட்டக் கதவுதான் எங்கள் கரும்பலகை. அதில் சாக்பீஸால் எட்டுப் பெயரை எழுத வேண்டும். அதிகம் சரியாகச் சொன்னவருக்கு டிவிக்கு நேர் எதிரே இருக்கும் குஷன் நாற்காலி, ஒரு வருடத்துக்கு. மற்றவர்களுக்கு பெஞ்சு. பதினோரு வருடம் அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்தேன். குஷனில் என் உருவமே பதிந்திருந்தது.

என் வழி துணி. துணியில் பிழைக்கிறவனுக்குத் துணிதானே முதலில் கண்ணில் படும்? ஷோ மாறப் போகிறவனின் உடுப்பில் அந்த ஷோவின் நிறம் இரண்டு மாதம் முன்பே எட்டிப் பார்க்கும். பச்சைக்குப் போகிறவனின் காலுறையில் ஒரு பச்சைக் கோடு வரும். மஞ்சளுக்கு வருகிறவன் முழங்கால் பட்டையில் மஞ்சள் நூல் தெரியும். உடுப்பு தைக்கிறவர்களுக்குச் சேதி முன்னாலேயே போய்விடும் என்பது என் கணக்கு. எட்டுக்கு ஐந்து எப்போதும் தேறும். ஒரு முறை ஆறு. அன்றைக்கு என்னைத் தோளில் தூக்கினார்கள்.

அப்போதுதான் தையலக்கா வந்து சேர்ந்தாள். நாற்பத்தொரு வயதில் முதல் வேலை. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவருக்கு முதுகு போய்விட்டது. அதனால் இவள் கிளம்பி வந்தாள். கிழிந்த விரிப்புக்கு ஒட்டுப் போடுவது, அறுவை அங்கிகளுக்கு அறுந்த நாடா வைப்பது அவள் வேலை. கழுத்தில் எப்போதும் நூல் தொங்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜை முழுக்கத் தேடுவாள். ஜோக் சொல்வதற்கு முன்பே அவளே சிரித்துவிடுவாள், நமக்கு ஜோக் பாதிதான் கிடைக்கும். வந்த பத்தாம் நாள் அவளைவிட மூத்தவர்களே ‘அக்கா, அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் என்னை ஒருத்தரும் இப்படி வாய் நிறையக் கூப்பிட்டதில்லை.

முதல் புதன்கிழமை டிவியைப் பார்த்து அவள் கேட்ட கேள்வி: “இவரு ஏன் ஜட்டியோட வந்திருக்காரு? பேன்ட் காயலையா?”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் அவளைப் பார்த்து நான் மனதாரச் சிரித்த கடைசி நாள்.

நாலு மாதம் கழித்து, ஆள் மாற்றத்துக்கு முந்தின வாரம், “நானும் எழுதட்டுமா?” என்று சாக்பீஸை வாங்கினாள். வீரர்களின் பெயர்கூட அவளுக்கு வாயில் நுழையாது. ‘பனிக்கரடி’, ‘கதவு உடைக்கிறவன்’, ‘அழுமூஞ்சி’, ‘மாப்பிள்ளை’ என்று அவளாகவே பெயர் வைத்து எட்டு எழுதினாள். முடிவு வந்தபோது எனக்கு ஐந்து, அவளுக்கு ஏழு.

நாற்காலியை விட்டு எழுந்தேன். எழும்போது குஷன் ‘புஸ்’ என்று மூச்சு விட்டது. அவள் உட்கார்ந்து, “அப்பாடி, சூடா இருக்கு” என்றாள். கூடமே சிரித்தது. எனக்குக் காது வரைக்கும் எரிந்தது.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அவள் தையல் மேஜைக்கே போய்விட்டேன்.

“எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க? உடுப்பப் பார்த்தா?”

“உடுப்பா? அத யாரு பார்த்தா?” என்று நூலைக் கடித்தாள். “சண்டையப் பார்த்தேன். எவனுக்குச் சண்டை தீர்ந்துபோச்சோ அவன மாத்திருவாங்க. எவனுக்கு இன்னொருத்தனோட சண்டை பாக்கி இருக்கோ அவன அசைக்க மாட்டாங்க. அவ்வளவுதான் விஷயம்.”

“இது எங்க படிச்சீங்க?”

“எங்க வீட்லதான். எனக்கு நாலு ஓரகத்தி. எங்க மாமியாருக்கு எவமேல கோவம் தீர்ந்துதோ, அவளத்தான் தனிக்குடித்தனம் அனுப்புவாங்க. கோவம் இருக்கறவள விடவே மாட்டாங்க. நான் பதினேழு வருஷம் கூடவே இருந்தேன்னா பார்த்துக்கோங்க.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு லேசான விஷயமாக இருக்க முடியாது, உண்மையை ஒளிக்கிறாள் என்று நினைத்தேன். கெட்டிக்காரி என்று ஒத்துக்கொள்வதைவிட கள்ளி என்று நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

வீட்டிலும் இதே பேச்சு. ஒரு நாள் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “அந்தத் தையலக்கா பேர இன்னைக்கு மட்டும் பதினாலு தடவ சொல்லிட்டீங்க. வேற பொம்பளையா இருந்தா சந்தேகப்பட்டிருப்பா.”

“நீ படலையா?”

“ஆசைப்பட்டுப் பேசற முகமா இது? கண்ணாடியப் போய்ப் பாருங்க. பொறாமை பிடிச்சு ஆடுது.”

பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

அடுத்த வருடம் விடுவதில்லை என்று வெறியாக இருந்தேன். மாற்றத்துக்கு முந்தின ஏழு வாரமும் டிவிக்கு அருகில் போய் நின்றுகொண்டு ஒவ்வொருவன் உடுப்பாகத் துழாவினேன். அதிர்ஷ்டம் பாருங்கள், மஞ்சள் ஷோவில் எவனைப் பார்த்தாலும் பச்சை! ஒருவன் வாரில் பச்சை, ஒருவன் மேலங்கி ஓரத்தில் பச்சை, ஒருவன் தலைப்பட்டை முழுக்கப் பச்சை. மனதுக்குள் துள்ளிக் குதித்தேன். பச்சை ஷோவில் மஞ்சள் கண்ணில் படவே இல்லை, அந்த நாலு பேரை உத்தேசமாகப் போட்டேன். எட்டுப் பேரையும் அழுத்தி எழுதி அடியில் கோடு வேறு போட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் சரியாக வந்தது. அவளுக்கு எட்டும் சரி. சலவைக்கூடத்தில் கேட்ட கூச்சலில் வார்டிலிருந்து ஒரு நர்ஸ் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் டிவி ரிப்பேர்காரர் வந்தார். பின்பக்கம் திறந்து பார்த்துவிட்டு, “ரெண்டு மாசமாவே கலர் போயிருக்குமே? மஞ்சளெல்லாம் பச்சையாத் தெரிஞ்சிருக்கும்” என்றார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

தையலக்கா மட்டும் ரொம்ப நல்லவள் போல மெதுவாகச் சொன்னாள்: “எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. திங்கள் ஷோவுல மேடைக் கயிறே பச்சையா இருந்துச்சே. நீங்க துணிக்காரரு, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நான் வாய் திறக்கல.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த மாதமே சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். நகரத்தின் அந்தக் கோடியில் மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் ஒன்று உண்டு. அதற்கும் ஒரு சலவைக்கூடம். எங்களுடையது இரண்டாம் மாடி, அது தரைத்தளம்.

“புதுக் கூடத்துக்குத் தையலுக்கு ஒரு ஆள் அனுப்பணும். இங்க ரெண்டு பேர் இருக்காங்க. யார அனுப்பலாம்? எல்லாரையும் தெரிஞ்சவரு நீங்கதான்.”

சொல்ல வேண்டியது யாரை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தையல் பெரியவர் என்று இன்னொருவர் இருந்தார், ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி. முழங்கால் வலியோடு தினமும் இரண்டு மாடி ஏறுகிறவர். தரைத்தளத்துக்கு மாற்றுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர். தையலக்காவுக்கோ அங்கே போக வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், படுத்திருக்கும் கணவரை இன்னும் முக்கால் மணி நேரம் முன்னால் விட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டும் எனக்குத் தெரியும்.

“தையலக்காவ அனுப்புங்க சார். கை வேகம். புது இடத்துக்கு அவங்கதான் சரி” என்றேன். எவ்வளவு அழகாகப் பாராட்டினேன் பாருங்கள்.

அவள் போகிற அன்று ஆளாளுக்கு அழுதார்கள். அவள் அழவில்லை. என்னிடம் வந்து, “நாற்காலி உங்களுக்குத்தான். நல்லா உட்காருங்க” என்று மட்டும் சொன்னாள்.

உட்கார்ந்தேன். குஷன் அவள் வாட்டத்துக்குப் பதிந்து போயிருந்தது, எப்படி உட்கார்ந்தாலும் இடுப்பில் இடித்தது. புதன்கிழமைகளில் டிவி ஓடியது, யாரும் சத்தம் போடவில்லை. தினமும் காலையில் தையல் பெரியவர் படியேறும் சத்தம் கேட்கும். ஒரு படி, ஒரு நிறுத்தம், ஒரு பெருமூச்சு. முன்பும் அப்படித்தான் ஏறியிருப்பார். இப்போது ஒவ்வொரு படியும் எனக்குக் கேட்டது.

துணி கொண்டுவரும் வண்டிக்காரர் வேறு புதுக் கூடத்துச் சேதியெல்லாம் சுமந்து வருவார். “அங்க ஒரே கலகலப்பு. தையலக்கா ஒரு லாக்கர் முதுகையே பலகை ஆக்கிட்டாங்க. டிரைவர், டாக்டரெல்லாம்கூட வந்து எழுதறாங்க. அவங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்காங்க, கைப்பிடி வெச்சது.”

கைப்பிடி வைத்ததாம். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருடம் நான் எழுதின எட்டில் ஆறு சரியாக வந்தது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு எதிராக எழுத ஆளே இல்லை. எனக்கு இந்தக் கூடத்தில் யாரோடும் சண்டை மிச்சம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவள் கணக்குப்படி பார்த்தால், மாற்ற வேண்டிய ஆள் நானேதான்.

சூப்பர்வைசர் மறுபடி கூப்பிட்டார். புதுக் கூடத்துக்கு மடிப்புக்கு ஒருவர் வேண்டுமாம்.

“நான் போறேன்” என்றேன். அவர் வாயைப் பிளந்தார். “அதோட தையல் பெரியவரையும் அனுப்பிருங்க சார். இங்க கிழியறதையெல்லாம் வண்டியில அங்க அனுப்பித் தைக்கலாம். போன வருஷமே அவரைத்தான் சொல்லியிருக்கணும். நான் வேணும்னே சொல்லல.”

அவர் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை புதுக் கூடத்தின் ஓய்வறைக்குள் நுழைந்தேன். தையலக்கா நெற்றியில் கண்ணாடியோடு மேஜையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நேராக லாக்கர் முதுகைப் பார்த்தேன். மேலே முடிந்துபோன ஆள் மாற்றத்தின் எட்டுப் பெயர்கள், எட்டுக்கும் நேரே சரி போட்டிருந்தது. அதற்குக் கீழே, சாக்பீஸ் மங்கி, அதே கையெழுத்தில் இன்னொரு வரி: ‘மடிப்பண்ணன், பழைய கூடத்திலிருந்து புதுக் கூடம்.’

“இத எப்ப எழுதினீங்க?”

“நான் இங்க வந்த அன்னைக்கு. என் பேரச் சொன்னது நீங்கதான்னு எனக்குத் தெரியாதா? என்கூடச் சண்டைய பாக்கி வெச்சிட்டு எத்தன நாளைக்கு அங்க உட்கார்ந்திருப்பீங்க?”

“தப்புத்தாங்க” என்றேன். ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை. சொன்ன அடுத்த நொடியே, ‘இதையும் சரியாகச் சொல்லிவிட்டாளே’ என்று வயிறு பழையபடி எரிந்தது. என்ன செய்வது, மன்னிப்புக் கேட்கிறவனும் நான்தான், பொறாமைப்படுகிறவனும் நான்தான்.

அப்போது என் பின்னால் மூச்சு வாங்காமல், சமதரையில் சாதாரணமாக நடந்து தையல் பெரியவர் உள்ளே வந்தார்.

“இவரு எங்க இங்க?” என்றாள் தையலக்கா. கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவித் தானாகவே மூக்கில் வந்து உட்கார்ந்தது. “இவரையுமா மாத்தினாங்க? யாரு சொல்லி?”

சாக்பீஸை எடுத்து என் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டேன். அதற்குக் கீழே, அவள் எழுதாமல் விட்ட தையல் பெரியவரின் பெயரை எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு தப்பு போட்டேன்.