கடைசி மணிக்குப் பிறகு

எங்கள் ஒழுங்கை வீடுகளில் அந்தக் குத்துச்சண்டைப் படத்தைப் பார்க்காதவர் இல்லை. முடிவு வரை பார்த்தவரும் இல்லை. வெள்ளைக்காரன் எந்தக் காலத்திலோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். துறைமுகத்தில் கரி சுமக்கிற ஒருவன், ஊரே கும்பிடுகிற பெரிய சண்டைக்காரனோடு மோதுகிறான். விழுகிறான், எழும்புகிறான், கடைசி மணி அடிக்கும்வரை நிற்கிறான். கதை அவ்வளவுதான். சித்திரை வருடப்பிறப்புக்கு எங்கள் விளையாட்டுக் கழகம் போட்டிகள் நடத்தும். அதற்கு முதல்நாள் பொழுதுபட்டதும் வாசிகசாலைச் சுவரில் வெள்ளைச் சீலை கட்டி இந்தப் படத்தைப் போடும்.

யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில் கழகத் தலைவர் கனகரத்தினத்திடம் இருந்தது ஒரேயொரு வீடியோ கசெற். அதன் வாலில் யாரோ அவருடைய தங்கச்சி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கைப் பதிந்துவிட்டார்கள். கடைசி மணி அடித்த கையோடு சண்டைக்காரர் இருவரும் மறைந்து, தங்கச்சி பாலறுகு வைத்த தலையோடு ஈரமாக நிற்பாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மனுசனுக்கு மானம் போயிற்று. அடுத்த வருடமே, மணி அடித்ததும் படத்தை நிறுத்திவிட்டுச் சீனவெடி கொளுத்தச் சொன்னார். பிறகு சீடி வந்தது, பென் டிரைவ் வந்தது, முழுப்படமும் கைக்கு வந்தது. ஆனாலும் மணிக்குப் பிறகு வெடிதான். நின்றவன் வென்றான், இதற்கு மேல் பார்க்க என்ன கிடக்கிறது? போனில் தேடிப் பார்க்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. கோயில் கதையை யார் போய்ச் சரிபார்க்கிறார்கள்?

மறுநாள் நடக்கும் குத்துச்சண்டைக்கும் அதே சட்டம். வெளியூரிலிருந்து தெரிந்த ஆள் ஒருவனை அழைப்பார்கள். எங்கள் ஆள் கடைசி மணிவரை காலில் நின்றால் மாலை எங்கள் ஆளுக்கு. யார் கூடுதலாக அடித்தது, யார் கூடுதலாக வாங்கியது என்ற கணக்கெல்லாம் கிடையாது. அப்படி வருடாவருடம் மாலை வாங்கியவன் சிந்துஜன்.

சிந்துஜன் கனகரத்தினத்தின் ஐஸ் பக்டரியில் லொறிக்கு ஐஸ்கட்டி ஏற்றுகிறவன். உள்ளதைச் சொன்னால் அவனுக்குக் குத்துச்சண்டை தெரியாது. அடி வாங்கத் தெரியும். வருடம் முழுக்க அவன் “டேய் ஐஸ்”தான். கொட்பே மீன்துறைமுகத்தில் வள்ளக்காரன் முதல் கருவாட்டுக் கடைக்காரி வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு நாளில் மட்டும் ஒலிபெருக்கியில் அவனுடைய பெயர் முழுதாகக் கேட்கும். அதற்காக அவன் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

இத்தனை வருடம் பார்த்தும் அந்தப் படம் ஏன் அலுக்கவில்லை என்று நானும் யோசித்ததுண்டு. சீலையில் அந்தக் கரிக்காரன் எழும்பும்போது, முதலாளியிடம் பேச்சு வாங்கியவனும், சங்கக்கடை வரிசையில் கால்கடுக்க நின்றவளும், பிள்ளைக்கு வேலை கிடைக்காதவனும் எல்லோரும் சேர்ந்து எழும்புகிறார்கள். எழும்புவது எல்லோருக்கும் பொது. அடி மட்டும் அவனுக்கு. இதைவிட மலிவான சந்தோசம் எங்கே கிடைக்கும்?

போன வருடம் தைப்பொங்கலுக்குப் பிறகு சிந்துஜனுக்கு இடக்கண் இருண்டது. பழைய அடிகளின் வேலை. கண் டொக்டர் பார்த்துவிட்டு, அந்தக் கண் இனித் திரும்பாது, தலையில் இன்னொரு பலத்த அடி விழுந்தால் வலக்கண்ணும் போகும் என்று சொல்லிவிட்டார். மனைவி கஜந்தி நேரே கனகரத்தினத்தின் வீட்டுக்குப் போனாள்.

“ஐயா, நீங்கள் வேண்டாமெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் இவர் கேப்பார். இனி அடி பட்டால் மற்றக் கண்ணும் இல்லையாம்.”

“ஐயோ பிள்ளை, அவன் எனக்கு மகன் மாதிரியெல்லோ.” கனகரத்தினத்துக்குக் கண் கலங்கியது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். “ஆனால் ஒண்டு சொல்லு. படத்தில அவனுக்கு ரெண்டு கண்ணும் வீங்கி மூடினதுதானே? நிண்டவனோ, இல்லையோ?”

“அது படம் ஐயா.”

“படமெண்டு லேசாச் சொல்லாதை,” என்று மனுசனுக்குக் கோபம் வந்துவிட்டது.

அடுத்த நாள் அவர் சிந்துஜனைக் கூப்பிட்டு, “உனக்கு ஏலாதெண்டால் சொல்லு, வேற ஆளைப் பாப்பம்,” என்றார். சண்டைக்கு வேறு ஆளா, லொறிக்கு வேறு ஆளா என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

“இந்த ஒருக்கா நிண்டிட்டனெண்டால் காணும், கஜந்தி,” என்றான் வீட்டில். “படத்தைப் பார். முடிவில நிண்டவன்தானே வெண்டவன்.” அவள் சட்டியைக் குசினிச் சுவரில் எறிந்தாள். ஒழுங்கையிலேயே அந்தப் படத்தை ஒரு வருடமும் பார்க்காதவள் அவள் ஒருத்திதான். அதன் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போட்டி நாள் காலையில் ஊருக்குள் மாடுபோலத் திரிந்து மைதானத்தில் படுத்திருந்த மான்களைக் கலைத்துவிட்டுக் கயிறு கட்டினார்கள். கிண்ணியாவிலிருந்து நஸ்ரி வந்திருந்தான். முறையாகப் பழகியவன், மரியாதையான பிள்ளை. முதல் சுற்று முடியமுன்னமே அவனுக்கு விளங்கிவிட்டது. இடப்பக்கத்தால் வருகிற கையைச் சிந்துஜன் காணவேயில்லை. நஸ்ரி இரண்டு கைகளையும் தாழ்த்திவிட்டு விசில்காரனைப் பார்த்தான்.

“இவருக்குக் கண் தெரியேல்ல. நான் அடிக்க மாட்டன்.”

சனம் ஊளையிட்டது. தண்ணீர்ப் போத்தல்கள் பறந்தன. இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி, “அடியடா, என்னத்துக்கு வந்தனீ?” என்று கத்தினாள். இதில் வேடிக்கை என்னவென்றால், அங்கே நின்ற அத்தனை பேரும் சிந்துஜனின் கட்சி. அவன் எழும்புவதைப் பார்க்க வந்தவர்கள். எழும்புவதைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் முதலில் விழ வேண்டுமே. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது.

சிந்துஜன்தான் நஸ்ரிக்குக் கிட்டப் போனான். “அடி தம்பி,” என்றான். “நீ அடிக்காட்டி நான் எப்பிடி நிக்கிறது?”

நஸ்ரி மெல்ல அடித்தான். ஊளை இன்னும் கூடியது. பிறகு அவனும் மனிதன்தானே, முகத்தைத் திருப்பிக்கொண்டு பலமாக அடித்தான். சிந்துஜன் விழுந்தான், எழும்பினான். மறுபடி விழுந்தான். கயிற்றைத் தடவிப் பிடித்து எழும்பியபோது, கனகரத்தினம் முன்வரிசைக் கதிரையில் ஏறி நின்று கண்ணீர் வழியக் கைதட்டினார். மணி அடித்தது. சிந்துஜன் நின்றுகொண்டிருந்தான். வெடி கொளுத்தினார்கள். மாலைக்குக் குனியச் சொன்னபோது அவன் ஆளில்லாத பக்கம் பார்த்துக் குனிந்தான். மாலை மண்ணில் விழுந்தது. குடித்த வெறிகாரன் போல நிற்கிறான் என்று சனம் சிரித்தது.

வலக்கண் அன்றே போயிற்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்கிற மாதிரிக் கழகத்தார் மால்ட் டின்னும் தோடம்பழமும் கொண்டுவந்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். லொறிக்கு வேறு ஆள் வந்தான். நஸ்ரி ஒரு நாள் படலையடியில் வந்து நின்று அழுதான். அவனை உள்ளே கூப்பிடக் கஜந்திக்கு மனம் வரவில்லை. அவனில் பிழையில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிடவில்லை.

மழைக்காலத்தில் ஒரு பின்னேரம் சிந்துஜன், “போனில அந்தப் படத்தைப் போடு, சத்தத்தையெண்டாலும் கேப்பம்,” என்றான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேடிப் போட்டாள். அவன் சாக்குக் கட்டிலில் இருந்து கேட்டான். எந்த அடி எப்போது விழும் என்று அவனுக்கு மனப்பாடம். கடைசி மணி அடித்தது. வெடிச்சத்தம் இல்லை. படம் ஓடிக்கொண்டேயிருந்தது. யாரோ இங்கிலீசில் ஏதோ அறிவித்தார்கள், பெரிய ஆரவாரம் எழுந்தது.

“அவன்ர கையைத் தூக்குறாங்களோ?” என்று கேட்டான்.

“இல்லை. மற்றவன்ர கையைத்தான் தூக்குறாங்கள்.”

“வடிவாப் பார் கஜந்தி.”

“வடிவாத்தான் பாத்தனான். எனக்குக் கண் தெரியும்.”

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தான் சொன்னது கேட்டது. போன் தானாக அடுத்த விளம்பரத்துக்குப் போயிற்று.

இந்தச் சித்திரைக்குக் கனகரத்தினம் தானே ஓட்டோவில் வந்து அவனைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். முன்வரிசையில், சோடித்த கதிரையில் இருத்தினார்கள். ஒலிபெருக்கியில் பெயரை முழுதாகச் சொன்னார்கள். சீலையில் கரிக்காரன் விழுந்தான், எழும்பினான், சனமும் எழும்பியது. கடைசி மணி அடித்த கணமே சிந்துஜன் கதிரையை விட்டு எழும்பிக் கைகளை விரித்துக் கத்தினான்.

“நிப்பாட்டாதேங்கோ! மிச்சத்தையும் விடுங்கோ! அவன் தோத்தவன், அவன் தோத்தவன்!”

அதற்குள் சீனவெடி தொடங்கிவிட்டது. அவன் வாய் அசைவதும் கைகள் உயர்வதும்தான் சனத்துக்குத் தெரிந்தது. எங்கள் சிந்துஜன் ஆனந்தத்தில் துள்ளுகிறான் என்று இளவட்டங்கள் ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கினார்கள். அவன் இறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே, எந்தப் பக்கம் கொண்டுபோகிறார்கள் என்று தெரியாமல் முன்னால் சுமந்தவனின் தலைமயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கனகரத்தினம் அழுதுகொண்டே கைதட்டினார்.