லேடீஸ் நேரத்து மார்க்கர்

நான் டென்னிஸ் ஆடிச் சம்பாதித்தவள் என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. நாலாம் வகுப்போடு நின்ற தாராவிப் பெண்ணுக்கும் அந்த ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். சம்பந்தம் இருந்தது. ஆறு வருஷம் அதில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. அதில் ஒரு மாதம் நான் பட்ட பயத்தை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல வாய் வராது. எழுதினால் வரும் போலிருக்கிறது.

அப்பா மாட்டுங்காவில் ஒரு கிளப்பில் தரை பார்க்கிற வேலை செய்தார். செம்மண் தரைக்குத் தண்ணீர் தெளித்து, கல் உருளையை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். நான் சோறு கொண்டு போவேன். அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும், யாரோ தூக்கிப் போட்ட மட்டையை வைத்துக்கொண்டு பின்சுவரில் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பேன். சுவர் பந்தைத் திருப்பிக் கொடுக்கும், ஒன்றும் கேட்காது. அதனால் எனக்குச் சுவரைப் பிடித்திருந்தது.

அந்தக் கிளப்பில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை லேடீஸ் நேரம். வீட்டு ஆண்கள் ஆபீசுக்குப் போன பிறகு பெண்கள் வருவார்கள். அவர்களோடு பந்தடிக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் உண்டு, அவரை மார்க்கர் என்பார்கள். இருந்த மார்க்கர் ஆண். வேற்று ஆம்பளையோடு மருமகள் ஓடியாடுவதா என்று சில வீடுகளில் மாமியார்கள் முணுமுணுத்தார்கள். அப்பா நெஞ்சு வலியில் போன அதே மழைக்காலத்தில் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு, வேலைக்காரர்களின் வருகைப் புத்தகமான மஸ்டரில் என் பெயரை எழுதினார். எனக்குப் பதினேழு வயது. வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும்.

மார்க்கர் வேலைக்கு ஒரே சட்டம்தான். எதிரில் நிற்கிற அம்மாள் நகராமல் அடிக்கும்படி பந்து அவள் கைக்கே போக வேண்டும். அவள் எங்கே அடித்தாலும் நான் ஓடி எடுத்து, மறுபடி அவள் கைக்கே கொடுக்க வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவேன். சேர்ந்த புதிதில் ஒரு நாள், செம்பூரிலிருந்து வருகிற ஓர் அம்மாளைத் தாண்டி மூலையில் பந்தைப் போட்டுவிட்டேன். வேண்டுமென்று இல்லை, கை போய்விட்டது. “நான் எக்சர்சைசுக்கு வரேன், அவமானப்பட வரலை” என்று அவள் செக்ரட்டரியிடம் சொன்னாள். இரண்டு நாள் என்னை வர வேண்டாம் என்றார்கள். வேலை போய்விட்டது என்றே அம்மா நினைத்தாள். அந்த இரண்டு நாளும் எங்கள் குடிசையில் யாரும் யாரையும் பார்த்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு என் கை ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

நாலு வருஷம் இப்படிப் போனது. லேடீஸ் நேரத்துக்கு வருகிறவர்களில் நன்றாக ஆடுகிறவள் ஒரே ஒரு மாமிதான். முப்பது வயதிருக்கும், கிளப்புக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பம்பாய் கிளப்புகளின் பெண்களுக்கு வருஷா வருஷம் ஜோடிப் போட்டி நடக்கும். அந்த வருஷம் மாமியின் ஜோடி பிரசவத்துக்குப் பாலக்காடு போய்விட்டாள். மாமி ஒரு தாளோடு வந்தாள்.

“இங்க ஒரு கையெழுத்துப் போடுடி.”

இங்கிலீஷ் தாள். மாமி கேட்டால் நான் கிணற்றில்கூடக் குதித்திருப்பேன். தமிழில் என் பெயரை எழுதினேன். எழுதின பிறகுதான் கேட்கத் தோன்றியது.

“இதுல என்ன போட்டிருக்கு மாமி?”

“விளையாடறதுக்கு நீ காசு வாங்கினதே இல்லைன்னு போட்டிருக்கு.”

“வாங்குதேனே மாமி.”

“வாங்கினா என்ன? யார் வந்து பாக்கப் போறா? எங்காத்து மனுஷான்னு சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காம இரு, அது ஒனக்குக் கைவந்த கலைதானே.”

அந்தக் காலத்தில் டென்னிஸில் காசு வாங்குகிறவர்கள் ஒரு சாதி, வாங்காதவர்கள் ஒரு சாதி. மார்க்கர் போட்டிக்குள் நுழையக் கூடாது. அது எனக்குத் தெரிந்ததே அன்றைக்குத்தான். அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் அப்படியே நின்றது.

“படிக்காமயா கையெழுத்துப் போட்ட?”

“மாமி போடச் சொன்னாவ.”

“மாமி சொல்லுவா. மாட்டுனா மாமியையா வேலைய விட்டுத் தூக்குவான்? ஒன்னயத்தானட்டி தூக்குவான்.”

அம்மா சொன்னதுதான் எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது கண்டுபிடித்தால் மஸ்டரில் இருந்து என் பெயரை அடித்துவிடுவார்கள்.

போட்டி கடலோரமாக ஒரு பெரிய கிளப்பில் நடந்தது. மாமி தன் பழைய வெள்ளை கவுனைக் கொடுத்தாள். முழங்காலோடு நின்றது. கீழே வேறு துணி தைத்து நீட்டிக்கொண்டேன். தாராவி ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை என்று தெரிந்தும், வேலிக்கு வெளியே யார் நடந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதல் ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் இரண்டு பார்சிப் பெண்கள். என்னிடம் வந்த பந்தையெல்லாம் நான் ஓடி ஓடி எடுத்தேன், ஒன்றையும் விடவில்லை. எடுத்து அவர்கள் கைக்கே அழகாகக் கொடுத்தேன். முதல் செட் போய்விட்டது. பக்கம் மாறும்போது எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னாள். “இவளைப் பார், மார்க்கர் ஜைசா, மார்க்கர் மாதிரியே. பந்தை வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுக்கிறாள்.”

டம்ளரை வாயில் வைக்காமலே கீழே வைத்தேன். அவள் கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்தில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடுவர் அதைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

மாமி காதிலும் அது விழுந்திருந்தது. வலையோரமாக வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “கையில குடுக்காதே. அவா எட்டாத எடமாப் பாத்துப் போடு.”

“எனக்கு வராது மாமி.”

“வரலேன்னா நீ யாருன்னு இன்னும் பத்து நிமிஷத்துல ஊருக்கே தெரிஞ்சுடும். அப்பறம் ஒன் இஷ்டம்.”

ஜெயிக்க வேண்டும் என்று எனக்குத் துளி ஆசை இல்லை. மார்க்கர் என்று தெரியக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த பந்து வந்ததும் கண்ணை இறுக்கிக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு எதிர்மூலையில் அடித்தேன். அவள் ஓடினாள், எட்டவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் தானாகத் திறந்தது. மாமி முறைத்ததில் மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்தையும் ஆள் இல்லாத இடத்தில் போட்டேன். ஆள் இல்லாத இடம் எது என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நாலு வருஷமாக அந்த இடங்களுக்குப் பந்து போய்விடாமல் பார்த்துக்கொண்டவள் நான்தானே. அந்த ஆட்டத்தை ஜெயித்தோம்.

நிம்மதி வரும் என்று பார்த்தால் வரவில்லை. தோற்றிருந்தால் அன்றோடு விட்டிருக்கும். ஜெயித்ததால் மறுபடியும் வர வேண்டியதாயிற்று. இரண்டாவது ஆட்டத்துக்குக் கூட்டம் கொஞ்சம் கூடியிருந்தது. அதையும் ஜெயித்தோம். கடைசி ஆட்டத்தில் ஜெயிக்கிறவர்களைப் பேப்பருக்குப் போட்டோ எடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். மாட்டுங்காவில் எல்லா வீட்டிலும் பேப்பர் வாங்குவார்கள்.

அதனால் கடைசி ஆட்டத்தில் ஒரு காரியம் செய்தேன். பந்தை வலையில் அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. கைக்குக் கொடுத்தால்தானே மார்க்கர் என்று தெரியும், வலையில் அடித்தால் தெரியாதவள் என்று நினைத்துக்கொள்வார்கள். நாலாவது பந்தும் வலையில் விழுந்தபோது மாமி என் பக்கத்தில் வந்தாள். அதட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

“வேணும்னு பண்றே. எனக்குத் தெரியும்டி. பன்னண்டு வருஷமா இதுக்கு வரேன். ஒரு தரம்கூட இவ்வளவு தூரம் வந்ததில்லை. எங்காத்துல அடுத்த வருஷம் அனுப்பமாட்டா.”

அவ்வளவுதான் சொன்னாள். நான் பயந்தவள், ஆனால் கல் இல்லை. ஆடினேன். ஜெயித்தோம். போட்டோ எடுக்கும்போது துண்டால் முகம் துடைக்கிற மாதிரி நின்றேன். போட்டோக்காரர் காத்துக்கொண்டே நின்றார். கடைசியில் துண்டை எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் பேப்பரில் இரண்டு விரல் அகலத்துக்கு வந்தது. ஒன்பது மணிக்குக் கிளப்புக்குப் போனதும், செக்ரட்டரி கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. அந்த அறைக்கு நடந்த தூரம் தாராவியிலிருந்து மாட்டுங்கா தூரத்தைவிட அதிகமாகத் தெரிந்தது. உள்ளே மாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் வெள்ளிக் கோப்பை. செக்ரட்டரி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

“கிளப்புக்கு இந்தக் கோப்பை வந்ததே இல்லை, தெரியுமோ? ஆனா ஒண்ணு. நாளைக்கு யாராவது வந்து பாத்தா மஸ்டர்ல ஒன் பேர் இருக்கப்படாது. எடுத்துட்டேன். இனிமே நீ மெம்பர். கட்டணம் கிடையாது. பின்வாசல் வேண்டாம், முன்வாசல் வழியாவே வரலாம்.”

“எவ்வளவு பெரிய கௌரவம், பாரு” என்றாள் மாமி.

நான் தலையாட்டினேன். எனக்கு அப்போது வேறென்ன செய்யத் தெரியும். அவர்களுக்கு என் மேல் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. பிடிபட்டால் வேலை போகும் என்று ஒரு மாதம் செத்துப் பிழைத்தேன். பிடிபடவில்லை. வேலை போய்விட்டது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மெம்பர் ஆக்கிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

“மெம்பர்னா?”

“முன்வாசல் வழியா போலாம்.”

“போயி?”

“ஒக்காரலாம்.”

“ஒக்காந்தா சோறு போடுவாவளா?”

தங்கைகள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

ஒரு வாரம் போனேன். வாசலில் கூர்க்கா சலாம் வைத்தான், எனக்கு உடம்பு கூசியது. பிரம்பு நாற்காலியின் நுனியில், சாய்ந்தால் யாராவது எழுப்பிவிடுவார்களோ என்று உட்கார்ந்திருப்பேன். மெம்பரைப் பந்து போடச் சொல்ல முடியாது என்று பெண்கள் தங்களுக்குள்ளே ஆடிக்கொண்டார்கள். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. மளிகைக்கடைக்காரர் அம்மாவிடம் பேப்பரைக் காட்டி, “உம்ம மக பெரிய ஆளாயிட்டால்லா” என்றாராம்.

எட்டாம் நாள் செக்ரட்டரி அறைக் கதவைத் தட்டினேன். என் வாழ்க்கையில் கூப்பிடாமல் ஒரு கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

“சார், எனக்கு மெம்பர் வேண்டாம். நான் காசு வாங்குனவதான். போட்டி நடத்துனவுகளுக்கு அத எழுதிப் போட்டுருங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எழுதினா கோப்பையைத் திருப்பிக் குடுக்கணும். அந்த அம்மாவுக்குத் தலைகுனிவு. யோசிச்சுதான் பேசறியா?”

“யோசிச்சுத்தான் சார்.”

அவர் மாமிக்குச் சொல்லி அனுப்பினார். சாயங்காலம் மாமி வீட்டுப் பின்கட்டில் போய் நின்றேன். அவள் காப்பிப் பொடி அரைத்துக்கொண்டிருந்தாள், ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“மெம்பர் ஆக்கினது பிடிக்கலையாக்கும். மேடை ஏத்தினா எறங்கி ஓடற ஜென்மம்.”

“பிடிக்காம இல்ல மாமி. சம்பளம் இல்ல.”

அரைக்கிற சத்தம் நின்றது. திட்டப் போகிறாளா, போகச் சொல்லப் போகிறாளா என்று வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எனக்கு அது தோணவே இல்லேடி” என்றாள் கடைசியில். குரலில் சமாதானம் இல்லை. கோபமும் இல்லை.

மறுநாள் கோப்பையை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாமியே கிளம்பினாள். என்னையும் வரச் சொன்னாள். கடலோரக் கிளப்பில் மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். செக்ரட்டரி கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டு, யார் இந்தப் பெண் என்று இங்கிலீஷில் கேட்டார். அந்த அளவு எனக்குப் புரிந்தது.

மாமி சொன்னாள். “எங்க கிளப் மார்க்கர்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு தாளில் நீளமாக எழுதி மாமி கையில் கொடுத்தார். இனி நான் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது, மாமி ஒரு வருஷம் ஆடக் கூடாது என்று அதில் இருந்தது. வெளியே வந்து மாமி படித்துச் சொன்னாள். நான் சரி என்றேன். திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், மாட்டுங்கா வருகிற வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் பிரியும்போது, “போ, ஒன்பது மணிக்கு லேட் பண்ணாதே” என்றாள். லேடீஸ் நேரத்துக்கு அவள் அப்புறம் ஒரு வருஷம் வரவில்லை.

மறுநாள் மஸ்டரில் என் பெயர் கடைசி வரியில் புதிதாக எழுதியிருந்தது. அதன் எதிரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்வாசல் வழியாகத் தரைக்குப் போனேன். செம்பூர் அம்மாள் வந்து நின்றுகொண்டிருந்தாள்.