அண்ணாவுக்கு ஒரு சுவர்

எங்கள் வீட்டில் அண்ணாவைச் சூட்கேஸில் பூட்டி வைத்திருக்கிறோம். செத்தவனை ஒளித்து வைத்த குடும்பம் நாங்கள்.

செவ்வந்தி மணக்கும்போதெல்லாம் அகதியாய் வந்த புதிதில் பரமட்டாவில் நான் கோப்பை கழுவிய அந்த மெக்சிக்கன் சாப்பாட்டுக்கடைதான் ஞாபகம் வரும்... வெந்த சோளம், கருகிய மிளகாய், எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பூ.

நவம்பர் தொடக்கத்தில் சமையல்காரி மார்த்தா குசினி மூலையில் ஒரு மேசை போடுவாள். செத்தவர்கள் அன்றைக்குத் திரும்பி வருவார்களாம். அவளுடைய அப்பாவின் படம், பூ, உப்பு, தண்ணீர்... பக்கத்தில் ஒரு பியர் போத்தல்.

அவள் இங்கிலீஷில் சொன்னது என் காதில் இப்படித்தான் விழுந்தது: "குடிச்சுக் குடிச்சே செத்த மனுசன். பச்சைத் தண்ணி மட்டும் வைச்சா கோவிச்சுக்கொண்டு போயிடும்."

சிரித்தாள். அப்பாவை ஏசினாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு வெங்காயம் வெட்டினாள்.

"உனக்குச் செத்த ஆள் ஆர்? படத்தைக் கொண்டு வா."

அண்ணா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்தவன். வேலை செய்ய அனுமதி இல்லாதவன் என்று தெரிந்தேதான் இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டிகூடக் கொடுக்காமல் மேலே ஏற்றினார்கள். விசா கேஸ் கெட்டுவிடும் என்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை. கேட்டவர்களுக்கு ஹார்ட் அட்டாக் என்றோம். படம் இருந்தால் வருகிற சனம் இன்னும் கேட்கும். அதனால் அம்மா அதைச் சூட்கேஸில் வைத்தார். "வாடகை வீடு, ஆணி அடிக்க விடமாட்டினம்" என்று ஒரு சாட்டு.

படத்தைக் களவாக எடுத்துப் போனேன். அவனுக்குப் பிடித்த கொத்துரொட்டியும் வென்ட்வேர்த்வில் தமிழ்க் கடையில் வாங்கினேன். எத்தனை வயது, எப்படிச் செத்தவன் என்று மார்த்தா கேட்டாள்.

"இருபத்திநாலு. ஹார்ட் அட்டாக்."

பழகிப்போன வாய்... அவன் முகத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டது.

"இருபத்திநாலு வயசிலயா? அவன் வந்து நிக்கிறான். அவனுக்கு முன்னாலயும் பொய்யா?"

நடந்ததைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தரம். அவள் அண்ணாவின் படத்தைத் தன் அப்பாவின் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

"கிழவா, பெடியனுக்கும் கொஞ்சம் பியர் குடு."

அடுத்த நாள் அம்மா சூட்கேஸைத் திறந்து பார்த்துவிட்டார். "படத்தைக் கொண்டு வா தம்பி. கேஸ் முடியட்டும், அவனை நடு ஹோல் சுவரில வைப்பம்."

கொண்டுவந்து கொடுத்தேன்.

கேஸ் முடிந்தது. இப்போது டூங்கபியில் சொந்த வீடு. சிட்டிசன்ஷிப் சான்றிதழ்கள் பிரேம் போட்டு நடு ஹோலில் தொங்குகின்றன. அந்தக் கடை இல்லை, மார்த்தா எங்கே என்றும் தெரியாது. சூட்கேஸ் மட்டும் அலுமாரிக்கு மேலே அப்படியே இருக்கிறது...

போன கிழமை படத்தை எடுத்தேன். சுத்தியலோடு ஹோலில் நின்றேன்.

"அம்மா, சுவரைக் காட்டுங்கோ."

குசினியில் அம்மா திறந்துவிட்ட குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"எந்தச் சுவரெண்டு சொல்லுங்கோ, அம்மா."