பின்னால் ஊற்றிய தண்ணீர்

1. நான் செய்த திருத்தம்

ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் ப்ரூஃப் பார்க்கும் வேலை எனக்கு. துருக்கி மொழிக் கடிதங்களை அந்த நாட்டுக்காரி அய்லின் ஆங்கிலத்துக்கு மாற்றுவாள். அந்த ஆங்கிலத்தை நான் சரிபார்ப்பேன். அந்த மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் திருத்திப் பழகிய கை சும்மா இருக்குமா?

அன்று செல்மா என்ற நர்ஸின் ஃபைல் வந்தது. துருக்கியில் அக்காவிடம் விட்டுவந்த ஏழு வயது மகனை ஆக்லாந்துக்கு அழைத்துக்கொள்ள விசா கேட்டிருந்தாள். பையனை அனுப்பச் சம்மதம் என்று அக்கா எழுதிய கடிதத்தைத்தான் விசா அதிகாரி முக்கியமாகப் பார்ப்பார். எங்கள் ஸ்கிரீனில் எதுவும் ஒவ்வொரு வரியாகத்தான் வரும். எனக்கு வந்த வரி இது: "அவள் போனதும் பின்னால் தண்ணீர் ஊற்றினோம்."

பகீரென்றது. திண்டுக்கல்காரியான எனக்குத் தண்ணீர் தெளித்து விடுவது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டுமா? கூடப்பிறந்தவளையே கைகழுவிவிட்டாளே என்று ஆத்திரப்பட்டு, 'அவளோடு எங்களுக்கு இனி உறவில்லை' என்று ஆங்கிலத்தைப் பளிச்சென்று மாற்றிவைத்தேன்.

2. மேல் வரி

அனுப்புமுன் கடைசியாகப் பார்த்த அய்லின் என் மேசைக்கு ஓடிவந்தாள்.

"இதை நீயா மாத்தின?"

"ஆமா. பின்னால தண்ணி ஊத்தினா வேற என்ன அர்த்தம்?"

அவள் முழுக் கடிதத்தையும் பிரிண்ட் எடுத்து மேல் வரியைப் படித்துக் காட்டினாள். செல்மா விமானம் ஏறக் கிளம்பிய காலையில், தெருவே வாசலில் நின்று அழுதிருக்கிறது.

"பிரியமானவங்க கிளம்பினா நாங்க பின்னாலயே தண்ணி ஊத்துவோம். தண்ணி மாதிரி தடையில்லாம போயிட்டு, அதே மாதிரி திரும்பி வரணும்னு."

எனக்கு வெட்கமாகிவிட்டது; வரியைப் பழையபடியே மாற்றினேன். என் கெட்டிக்காரத்தனத்தால் ஒரு பிள்ளை அம்மாவைப் பிரிந்தே கிடந்திருப்பான்.

மேனேஜர் சிவகுமார் யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் நடந்ததைச் சொல்லி, இனி முழுக் கடிதமும் ஸ்கிரீனில் வேண்டும் என்றேன்.

"நேரம் போகுமெல்லோ?"

"போகட்டும்ண்ணே."

சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். சில மாதத்தில் செல்மாவின் பையனும் வந்து சேர்ந்தான்.

3. கடைசி நாள்

ஓய்வு பெற்ற அன்று காரை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால், கார் பார்க்கில் அய்லின் தன் பாட்டில் தண்ணீரை என் காருக்குப் பின்னால் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் பக்கத்தில் நின்ற சிவகுமார் கத்தினார்: "என்ன, உங்களுக்கும் தண்ணி தெளிச்சாச்சோ?"

ஜன்னலை இறக்கி நானும் கத்தினேன்:

"மேல் வரியையும் சேர்த்துப் படிங்கண்ணே!"