சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் வந்த ஈர்க்குச்சி

செருப்புக் கடையில நிக்கிறவனுக்கு ஊரு சனத்தோட மொகம் மறந்துபோகும், காலு மறக்காது. கடையில நின்னு காலு கடுத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். அறுபதுகளோட கடைசியில விருத்தாசலம் கடைவீதியில செருப்பு வித்தேன். பொஞ்சாதி போய்ச் சேர்ந்துட்டா. ஆக்கிப்போட ஆளில்லாம, பையன் முருகேசன் சேத்தியாத்தோப்புல மாமன் வூட்டுல வளந்தான். ஜூன் மாசம் ஸ்கூலு தொறக்கறப்ப ஊருப் புள்ளைங்க காலெல்லாம் என் கையில இருக்கும், அவன் காலைத் தவிர.

ஒடிஞ்ச அளவு

கிராமத்து சனம் புள்ளையக் கடைக்குக் கூட்டிக்கிட்டு வராது. பஸ்ஸு சார்ஜு யாரு குடுக்கறது? வெளக்கமாத்து ஈர்க்கைப் பாத நீளத்துக்கு ஒடிச்சு எடுத்துக்கிட்டு வருவாங்க. கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருத்தர் அந்தக் குச்சியை மடக்கிச் சட்டைப்பையில சொருகிக்கிட்டு வந்தார். கூட்டத்துல ஒடிஞ்சு பாதி பஸ்ஸுலயே விழுந்துடுச்சு. விழுந்த பாதி எம்மாம் நீளம் இருந்துச்சுன்னு கேட்டேன். மனுசன் மொகமெல்லாம் பூரிச்சுப் போச்சு.

"என் புள்ளைக்கு நல்ல பெரிய காலுங்க. பாத்தா நீங்களே அசந்துடுவீங்க!"

வளர்ற காலு

பீங்கான் கம்பெனியில வேலை பாக்கற அம்மா ஒருத்தங்க மகனை இழுத்துக்கிட்டு வந்தாங்க. பதினாலு வயசு. வெள்ளைக் கான்வாஸ் ஷூ இல்லாம டிரில்லுக்கு வராதேன்னு வாத்தியார் சொல்லிட்டாராம். ஏழாம் நம்பர் கச்சிதமா இருந்துச்சு. அம்மா ஒம்பதைக் கேட்டாங்க, ரெண்டு வருசத்துக்கு வரணுமாம். "ஓடுனா கழண்டுக்கும்மா, பசங்க சிரிப்பானுங்க"ன்னு பையன் அழாத கொறை. முனையில துணியை அடைச்சுக்கடாங்கறாங்க. எட்டாம் நம்பராவது எடுங்கம்மான்னு நான் குறுக்க பூந்தேன். அந்தம்மா என்னை ஏற எறங்கப் பாத்தாங்க.

"ஒங்களுக்கு என்னங்க தெரியும், புள்ள வளர்றது கூட இருந்து பாத்தாத்தானே தெரியும்!"

மாறிப்போன செருப்பு

அந்தப் பேச்சு நெஞ்சுல முள்ளாட்டம் தச்சுக்கிச்சு. கடையில லீவு கேட்டா மொதலாளி மொகம் சுருங்கும், நான் எங்க போய்ப் பாக்கறது? மாட்டுப் பொங்கலுக்கு முருகேசனே வந்தான். ஒரே நாளு. போறப்ப என் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். வாசல்ல கெடந்த அவன் செருப்புல காலை வுட்டேன், குதிகால் பாதி வெளியில நிக்குது. காலு பாத்தே பொழைக்கிற எனக்கு அப்பவாவது உறைச்சிருக்கணும். உறைக்கலை. மொதலாளிகிட்ட சொன்னேன், அவர் சிரிச்சார்.

"செருப்புக் கடைக்காரன் புள்ளையாச்சேய்யா, நல்லதாப் பாத்து மாட்டிக்கிட்டான்!"

வெறுங்கை

வருசா வருசம் ஸ்கூலு தொறக்கறப்ப சேத்தியாத்தோப்பு பஸ்ஸு கண்டக்டர் முருகேசனோட ஈர்க்கைக் கொண்டாந்து குடுப்பார். நான் ஷூவைக் குடுத்தனுப்புவேன். புதுக் குச்சியைப் போன வருசத்துக் குச்சியோட ஒட்டி வெச்சு, பய எம்மாம் வளந்துட்டான்னு பாப்பேன். நான் புள்ளையப் பாத்ததெல்லாம் அப்படித்தான். அந்தப் பொங்கலுக்கு அடுத்த ஜூன்ல கண்டக்டர் வெறுங்கையோட எறங்கினார். மாமனே வாங்கிக் குடுத்துட்டாரு போல, இனிமே நமக்கு அதுவும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன். அவர் விசிலை வாயிலேர்ந்து எடுத்துட்டு சொன்னார்:

"குச்சி வேணாமாம்ண்ணே. ஒங்க செருப்பு அவனுக்கு அளவெடுத்தாப்புல சேருதாம். ஒங்க காலுல போட்டுப் பாத்தே குடுத்தனுப்பச் சொன்னான்."

ஊருப் புள்ளைங்க காலையெல்லாம் புடிச்சுப் பாத்தவன், பெத்த புள்ள காலைப் பாக்க, ஆளில்லாத கடையில புது ஷூவை மாட்டிக்கிட்டு என் காலையே குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னேன்.