ஜிப் அக்காவின் ரன்னர் டப்பா

பஸ் ஸ்டாண்டில் போய் என் அண்ணியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஜிப் அக்கா என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், ஓர் ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும் கடை. வாய் பிளந்த பை, சக்கரம் கழன்ற பெட்டி எல்லாம் அங்கே வந்து குணமாகிப் போகும். அண்ணி பேசினால் நறுக்கென்று நாலு வார்த்தை. ஐந்தாவது வார்த்தை வேண்டுமானால் இன்னொரு பை கொண்டு வர வேண்டும்.

தைத்த ஜிப்பை இரண்டு தடவை ஓட்டிப் பார்க்காமல் யாரிடமும் பையைத் தர மாட்டாள். பஸ் கிளம்பிவிட்டது என்று ஆள் குதித்தாலும் சரி, "வழியில பிச்சுக்கிட்டா என்னைத்தான் திட்டுவீங்க, இருங்க" என்பாள்.

அவளுடைய முதல் கர்ப்பத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் முதுகெலும்பு சரியாக மூடவில்லை, தலையிலும் கோளாறு, பிழைக்காது என்றார்கள். பிழைக்கவில்லை. பெட்டியைத் தூக்கினாள், மிஷினை மிதித்தாள் என்று சொந்தபந்தம் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு நாலு பேருடைய வாயை அண்ணியின் ஊசியாலேயே தைத்திருப்பேன்.

அடுத்த குழந்தையைப் பற்றிக் கேட்க அவள் மறுபடி டாக்டரம்மாவிடம் போனபோது துணைக்கு நான்தான் போனேன்.

"நீங்க எந்தத் தப்பும் பண்ணல" என்று அவர் முதலில் அதைத்தான் சொன்னார். "கரு உண்டாகி முதல் நாலு வாரத்துக்குள்ளேயே முதுகுத்தண்டு மூடிடும். அப்போ நிறைய பேருக்குக் கர்ப்பம்னே தெரியாது. அதனால ஃபோலிக் ஆசிட் மாத்திரையை முன்னாடியே ஆரம்பிக்கணும். எல்லாருக்குமே அது நல்லது. உங்களுக்கு ஒரு தடவை இப்படி ஆனதால அளவைக் கூட்டி எழுதறேன். உத்தரவாதம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆபத்து ரொம்பக் குறையும்."

அண்ணி மடியிலிருந்த பையின் ஜிப்பைப் பாதி வரை இழுத்து நிறுத்தினாள். "ஜிப் மூடிக்கிட்டே வந்து பாதியில நின்னு போற மாதிரியா டாக்டர்?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா."

அன்றைக்கே மாத்திரை அட்டை ரன்னர் டப்பாவுக்குள் போனது. ஜிப்பின் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுமே அந்தச் சின்ன உலோகத் துண்டு, அதுதான் ரன்னர். காலையில் கடை திறந்ததும் அண்ணியின் கை முதலில் போவது அந்த டப்பாவுக்குத்தான். மறக்க வழியே இல்லை.

வினை அங்கேதான் வந்தது. ஒருநாள் என் அம்மாவின் பர்ஸில் ரன்னர் கழன்றுவிட்டது. கடைக்குப் போன நேரம் அண்ணி நூல் வாங்கப் போயிருந்தாள். அம்மாவுக்குப் பொறுமை ஏது? தானே டப்பாவைத் திறந்தாள், அட்டையைப் பார்த்தாள், பக்கத்து மருந்துக் கடையில் நீட்டி, "இது எதுக்குப்பா?" என்றாள்.

"மாசமா இருக்கறவங்களுக்குக் குடுக்கறதும்மா."

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். சாயங்காலம் அண்ணி வரும்போது கட்டில் ஃபேனுக்கு அடியில் நகர்ந்திருந்தது, சித்தி ஒரு கூடைப் பழத்தோடு உட்கார்ந்திருந்தாள். என் அண்ணன் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றான். அப்பாவாகப் போகிற செய்தியை அவனுக்கே எதிர்வீட்டுக்காரர்தான் சொல்லியிருக்கிறார்.

விஷயம் புரிந்ததும் அண்ணியின் முகம் வாடியது. "இன்னும் ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள்.

அம்மாவுக்கு ஏமாற்றம் கோபமாகத் திரும்பியது. "அப்புறம் மாத்திரை எதுக்கு? புள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே பேர் வைக்கற கதையால்ல இருக்கு."

அண்ணி அம்மாவின் பர்ஸை எடுத்து, தன் பையிலிருந்த ஒரு ரன்னரை மாட்டினாள். "தைக்க உக்காந்தப்புறம் நூல் இல்லன்னு கடைக்கு ஓடினா ஆகுமா அத்தை? நூல் முன்னாடியே கையில இருக்கணும். உள்ளே குழந்தையோட முதுகெலும்பு எப்போ மூடுதுன்னு நமக்கே தெரியாது. போன தடவை தெரிஞ்சப்போ நேரம் போயிடுச்சு."

அம்மா பர்ஸின் ஜிப்பை ஒரு தடவை இழுத்து மூடினாள். பிறகு சித்தி பக்கம் திரும்பி, "பழத்தை வெச்சுட்டுப் போ, எப்படியும் வேணும்" என்றாள்.

மறுநாளிலிருந்து கடை திறக்கும் நேரத்துக்கு அம்மாவிடமிருந்து ஃபோன் போகும். "டப்பாவைத் திறந்தியா?" அதோடு விட்டாளா? தெருவில் எந்தக் கல்யாணப் பெண்ணைப் பார்த்தாலும் டாக்டரைப் போய்ப் பார் என்று ஆரம்பித்துவிடுவாள். எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் முதல் புத்திமதி இதுதான்.

மாதங்கள் போய் அண்ணி நிஜமாகவே உண்டானாள். யாரும் தெருவில் சொல்லவில்லை, அம்மாகூட. அந்த ஐந்தாம் மாத ஸ்கேன் வரை வீடே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தது.

ஸ்கேன் அறைக்குள் துணைக்கு ஒருவரைத்தான் விடுவார்கள். அண்ணன் "நீயே போ" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டதால் நான் போனேன். வெளியே அம்மா பர்ஸைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது கதவுக்கு இந்தப் பக்கமும் கேட்டது. அண்ணி திரையைப் பார்க்கவே இல்லை, டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதுகெலும்பு நல்லா மூடியிருக்கு. தலையும் நல்லா இருக்கு."

என் வயிற்றில் பாலை வார்த்தார் அந்த மகராசி. நான் தேம்பி அழுதுவிட்டேன். அண்ணி அழவில்லை.

"டாக்டர், மேலேருந்து இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுங்க."

"ஏம்மா, நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு டாக்டர். ரெண்டு தடவை ஓட்டிப் பாக்காம எனக்கு மனசு கேக்காது."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே குழந்தையின் கழுத்திலிருந்து மறுபடி மெதுவாக இறக்கிக் காட்டினார். இந்தத் தடவை அண்ணி திரையைப் பார்த்தாள். கடைசி எலும்பு வரைக்கும் பார்த்து முடித்த பிறகுதான் அழுதாள்.