எண் 83-இன் உயரம்

அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் 'சந்தேகம்'. "சந்தேகம் வந்தாச்சா, டீ குடிச்சாச்சா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. வீடு வீடாகப் போய் எழுதிவரும் படிவங்களில் பொய் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருபது வருடமாக இதே வேலை. மனைவி தலைவலி என்றால்கூட எத்தனை மணியிலிருந்து என்று கேட்டுவிடுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் பிள்ளைகளின் வளர்ச்சியை இரண்டு விதமாக ஆராய்கிறார்கள். கீழ்த்தளத்தில் குறுக்குவெட்டு ஆய்வு. ஒரே மாதத்தில் எல்லா வயதிலும் ஆறாயிரம் பிள்ளைகளை நிறுத்தி, ஆளுக்கு ஒரு தடவை அளந்து, வயதுவாரியாகச் சராசரி போட்டு அட்டவணை அச்சடித்துவிட்டார்கள். அங்கே புளுகினாலும் யாரும் மாட்டமாட்டார்கள். ஒரு தடவை பார்த்த பிள்ளையை எதோடு ஒப்பிடுவது? மேல்தளத்தில் நாங்கள் செய்வது நெடுங்கால ஆய்வு. இருநூறு பிள்ளைகள், பிறந்த மாதத்திலிருந்து, வருடா வருடம் அதே பிள்ளைகள். இங்கே போன வருடத்துத் தாள் இந்த வருடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இருநூறு பேரையும் அளப்பவர் ஒருவர்தான். டேப் அக்கா. மடக்கு உயரப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு பதிமூன்று வருடமாக நடக்கிறார். ஆரம்பத்தில் ஒரு வாசலிலும் நிம்மதியாக நிற்க விட்டதில்லை. எந்தக் கட்சி என்று கேட்டார்கள், யார் அனுப்பினார்கள் என்று கேட்டார்கள். மாமியார் வீட்டுக்குத் துப்புக் கொண்டு போகிறவள் என்று நினைத்து ஒரு ஆள் இரண்டு தெரு பின்னாலேயே வந்தானாம். அக்காவின் கணவர் வேலைக்கென்று வெளியூர் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். யாராவது விசாரித்தால், ஆய்விலிருந்து விலகுகிறவர்களைப் பற்றி நாங்கள் சொல்வதைப்போலவே, "அவரு பாதியில நின்னுட்டாரு" என்பார் சிரிக்காமல்.

"பிள்ளைங்க ஒரே சீரா வளராது சார். கொஞ்ச நாள் உக்காந்துரும், அப்புறம் எழும்பும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அலுவலகத்திலேயே நான் நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

இந்த வருடம் பிள்ளைகளுக்குப் பதிமூன்று முடிந்ததால், முதல் தடவையாக ஒவ்வொருவரின் உயரத்தையும் பிறப்பிலிருந்து கோடாகப் போட்டுப் பார்த்தோம். எண் 83, பையன். எட்டு வயது வரை கோடு சரியாகத்தான் இருந்தது. பையன் குட்டை. ஒரு வருடம் மூன்று சென்டிமீட்டர், இன்னொரு வருடம் ஏழு. எட்டு வயதில் நூற்றுப் பதினாறு. ஒன்பதில் திடீரென்று நூற்று இருபத்தொன்பது! அதைத் தாண்டவிட்டது எப்படி என்று பார்த்தேன். அந்த வருடம் நான் கண் ஆபரேஷனுக்காக விடுப்பில் இருந்திருக்கிறேன். யாரோ பார்க்காமலே முத்திரை குத்தியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு 134, 139, 145, 151. கோடு வழுவழுவென்று ஏறியது. கீழ்த்தளத்துக்கு ஓடி அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அதே எண்கள், ஒன்றுகூட மாறவில்லை.

ஆக, அக்கா அளக்கவே போகவில்லை. உட்கார்ந்த இடத்தில் அட்டவணையைப் பார்த்து எழுதியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, பிடித்துவிட்டேன் என்று. பிறகுதான் கோபம். ஒன்றில் புளுகியவர் மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் மட்டும் யோக்கியமாக இருந்திருப்பாரா? புகார்க் கடிதத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடித்த பிறகு கொடுக்கலாம் என்று எண்ணம்.

"அக்கா, நாளைக்கு எம்பத்திமூணு வீட்டுக்கு நானும் வரேன், திரும்ப ஒரு தடவை அளந்து பாக்கணும்."

"அவங்க... நாளைக்கு இருக்க மாட்டாங்க சார்."

"அப்ப இன்னைக்கே போலாம்."

அக்கா பலகையை எடுக்காமல் டேப்பை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். படிவத்திலிருந்த முகவரி மேற்குப் பக்கம். அவர் கிழக்கே திரும்பி பஸ் நிலையத்துக்குள் நுழைந்தார். தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைத்து ஒட்டியே நடந்தேன்.

பயணிகளின் பெட்டிகளை வாங்கி வைக்கும் அறை ஒன்று அங்கே இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மா டோக்கன் கட்டிக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் எழுந்து வெளியே வந்தார்.

"அக்கா! இந்த வருஷம் எவ்வளவு?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலுக்கு எதிரே இருந்த இரும்புத் தூணில் நாலு சிவப்பு ஒட்டுநாடாத் துண்டுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்தன. தரையிலிருந்து அளந்து, நூற்று ஐம்பத்தொன்றில் புதிதாக ஒன்றை ஒட்டினார்.

"அம்மாடி, இவ்வளவு வளந்துட்டானா!" என்றார் அந்த அம்மா. அப்புறம் என்னிடம், "எம்புள்ள சார். இங்கதான், நான் டிக்கெட் எடுக்கக் கைய விட்டேன். எட்டு வயசு. எல்லா எடத்துலயும் எழுதிக் குடுத்தாச்சு. அதான் இந்த வேலைய நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேரு இந்த வழியா போறாங்க, எல்லார் மூஞ்சியும் பாக்க முடியுமா? இந்த உயரத்துல வர்ற பசங்கள மட்டும் ஒருத்தன விடாம பாத்துருவேன்."

அக்காவைத் தள்ளி அழைத்துப் போனேன்.

"பையன் காணாமப் போயிட்டான்னு எழுதினா ஆய்வுலேர்ந்து அவன் நம்பரை அடிச்சிருவாங்க சார்" என்றார் தாழ்ந்த குரலில். "அடிச்சிராதீங்கன்னு கையப் புடிச்சிக்கிட்டா. இப்ப எவ்வளவு இருப்பான்னு கேட்டா. எங்கிட்ட அந்த அட்டவணைதான் இருந்துச்சு."

"அக்கா, அது எந்தப் பையனோட உயரம்?"

"பதிமூணு வயசுப் பையனோட உயரம்."

"எந்தப் பையன்? அது ஆறாயிரம் பேரோட கணக்கு. எட்டு வயசுல இவன் எவ்வளவு?"

"நூத்திப் பதினாறு."

"அட்டவணைல?"

"நூத்தி இருபத்தி..." அக்கா நிறுத்திவிட்டார். பதிமூன்று வருடமாகப் பிள்ளைகளைத் தொட்டு அளந்தவர். அவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

என் பையிலிருந்த 83-இன் கோப்பை எடுத்தேன். கடிதமும் கூடவே வந்தது. கசக்கி உள்ளே தள்ளினேன். எட்டு வருடத்துக் கோட்டை அதன் போக்கிலேயே நீட்டிப் பார்த்தேன். நூற்று முப்பத்தெட்டிலிருந்து நூற்று நாற்பத்திரண்டுக்குள் வந்தது. அதையும் நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் அட்டவணையைவிட அவனுக்கு அது நெருக்கம்.

சொல்லாமலே வந்துவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. அக்காதான் முன்னால் போனார். தூணில் சற்று முன் ஒட்டிய நாடாவை உரித்து, கீழே நூற்று முப்பத்தெட்டில் ஒன்றும் நூற்று நாற்பத்திரண்டில் ஒன்றுமாக ஒட்டினார்.

"ஏன்க்கா கீழ வைக்கிறீங்க?"

"உம்புள்ள குட்டைம்மா. எனக்குத் தெரியும், தெரிஞ்சும் புத்தி போகல. இந்த ரெண்டுக்கும் நடுவுல பாரு. ஒவ்வொரு வருஷமும் நான் சொன்னது தப்பு."

அந்த அம்மா நாடாவுக்குப் பக்கத்தில் கையை வைத்தார். கை அவருடைய மோவாயளவில் நின்றது.

"அவன் உயரத்துல வந்த பசங்கள நான் பாக்கவே இல்லையேக்கா" என்றார். "சின்னப் பசங்கன்னு விட்டுட்டேனே. அஞ்சு வருஷமா."

அக்கா அழுதார். பஸ் ஒன்று வந்து நின்று, கூட்டம் இறங்கியது. அந்த அம்மா எங்கள் இருவரையும் விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்.